ஜவ்வாக இழுக்கும் மிஷனை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: “‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: டெஃபினிடிவ் எடிஷன்’ விளையாட்டின் கேம்பெய்ன் மிஷன் ஒன்றில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். மேப் பெரியது, எதிரிகள் நான்கு பேர். வருகிற தாக்குதல்களையெல்லாம் தடுத்துவிடுகிறேன். தோற்பதாகவும் இல்லை, முடிவதாகவும் இல்லை. கடினமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. இதை எப்படிச் சமாளிப்பது? பேசாமல் விட்டுவிடலாமா?”

விட்டுவிட வேண்டாம், ஆனால் இப்போது ஆடும் விதத்தில் தொடரவும் வேண்டாம். நான்கு எதிரிகளின் தாக்குதல்களையும் சிரமமின்றித் தடுக்க முடிகிற ஒருவர் அந்த மிஷனைப் பெரும்பாலும் ஏற்கெனவே வென்றுவிட்டார். வென்றதற்கும் திரையில் வெற்றி என்று எழுத்து வருவதற்கும் இடையிலுள்ள நேரத்தில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், கொட்டாவியும் அங்கிருந்துதான் வருகிறது. அந்த இடைவெளியை நீட்டுவதில் மிஷனை வடிவமைத்தவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் பேஸ் (தளம்) கட்டிப் படை திரட்டி ஆடும் இதுபோன்ற விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக ஆடிவரும் என் அனுபவத்தில், பெரிய பங்கு ஆடுபவருடையது. இன்னும் கொஞ்சம் படை சேரட்டும், அந்த ஒரு மேம்பாடும் முடியட்டும், மக்கள்தொகை உச்சவரம்பைத் தொடட்டும், பிறகு போகலாம் என்று நாம் சேர்த்து வைப்பது படையை மட்டுமல்ல, சலிப்பையும்தான்.

கடினமான மிஷனும் சலிப்பான மிஷனும் வெவ்வேறு நோய்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கடினமான மிஷனில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் தவறாகப் போகின்றன, அதனால் தோற்கிறீர்கள். சலிப்பான மிஷனில் எடுப்பதற்கு முடிவே இல்லை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள். ஆகவே முதலாவதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களான கூடுதல் பாதுகாப்பு, கூடுதல் சேமிப்பு, கூடுதல் பொறுமை ஆகியவற்றை இரண்டாவதற்குக் கொடுத்தால் நோய் முற்றத்தான் செய்யும். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் கடினத்துக்கானவை. அவற்றைப் படித்துவிட்டு இன்னொரு அடுக்கு மதில் கட்டிக்கொண்டிருப்பவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

எதில் நேரம் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. அடுத்த முறை ஆடும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ‘இந்தப் பத்து நிமிடத்தில் மேப்பில் என்ன மாறியது?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். எதிரியின் கட்டடம் ஒன்றாவது விழுந்ததா, புதிய தங்கச் சுரங்கம் ஒன்று கைக்கு வந்ததா, ஒரு பாதையாவது அடைபட்டதா? தொடர்ந்து மூன்று முறை ‘எதுவும் இல்லை’ என்ற பதில் வந்தால், நீங்கள் விளையாட்டைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். நான் ஒருமுறை இப்படிக் குறித்துப் பார்த்தபோது, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடிய ஒரு மிஷனில் எதிரியின் எல்லைக்குள் என் படை இருந்த நேரம் மொத்தமாக நாற்பது நிமிடம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் வயல்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி செயலுக்கு வருவோம். மிஷன் தொடங்கியதும் வரும் குறிக்கோள் பட்டியலை நம்மில் பலர் ஒரு வரி படித்துவிட்டு மூடிவிடுகிறோம். அந்தச் சாளரத்தில் குறிக்கோள்களுக்குப் பக்கத்திலேயே குறிப்புகளும் ஒற்றர் அறிக்கையும் தனித்தனித் தாவல்களில் இருக்கின்றன. எந்த நிறத்து எதிரி எங்கே இருக்கிறான், குதிரைப்படை அனுப்புவானா, வில்லாளிகளை அனுப்புவானா, கடல் வழியே வருவானா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த அறிக்கையில் எழுதியே இருக்கும். அதைவிட முக்கியமாக, எதை அழித்தால் மிஷன் முடியும் என்பதைச் சொல்சொல்லாகப் படியுங்கள். ‘எதிரிகளைத் தோற்கடி’ என்பதும் ‘எதிரியின் கோட்டையை இடி’ என்பதும் ஒன்றல்ல. நால்வரில் இருவரை மட்டும் வீழ்த்தினால் போதும் என்ற மிஷனில் நால்வரையும் துடைத்தெடுத்துக்கொண்டு மாலைப் பொழுதைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் உண்டு.

அடுத்தது பொருளாதாரம். சலிப்பின் முதல் ஒரு மணி நேரம் இங்கேதான் உற்பத்தியாகிறது. வேலை செய்யும் குடிமகனான ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும் விளையாட்டு நேரத்தில் 25 வினாடியும் ஆகும். வில்லேஜர்கள் பிறக்கும் கட்டடமான டவுன் சென்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 100 வில்லேஜர்களை உருவாக்க 2,500 வினாடிகள், அதாவது ஏறக்குறைய 42 நிமிடங்கள் தேவை. மூன்று டவுன் சென்டர்கள் இருந்தால் அதே வேலை 14 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்டத்தின் மூன்றாவது காலகட்டமான காசில் ஏஜுக்கு வந்ததும் 275 மரமும் 100 கல்லும் கொடுத்து இன்னொரு டவுன் சென்டர் கட்டுவதற்குத் தயங்குபவர், அந்த மரத்தையும் கல்லையும் மிச்சப்படுத்தித் தன் அரை மணி நேரத்தைச் செலவழிக்கிறார். அதேபோல் டவுன் சென்டரின் கூடும் இடத்தை வெறும் தரையில் வைக்காமல் ஒரு மரத்தின் மீதோ தங்கச் சுரங்கத்தின் மீதோ வைத்துவிட்டால், பிறக்கும் வில்லேஜர் நேராக வேலைக்குப் போய்விடுவார். வயல்கள் தானாகவே மீண்டும் விதைக்கப்படும் வசதி ஆலையில் இருக்கிறது. வயலுக்கு 60 மரம் வீதம் கையிருப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு கட்டளைகளை வரிசையாகக் கொடுத்தால், ஒரே வில்லேஜர் ஐந்து வீடுகளைக் கட்டி முடித்துவிட்டு மரம் வெட்டப் போய்விடுவார். சும்மா நிற்பவர்களைத் தேடி மேப்பைத் துழாவ வேண்டியதில்லை. முற்றுப்புள்ளி விசை ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுக்கும். இவையெல்லாம் சில்லறை விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் மூன்று மணி நேர மிஷனில் நம்மை அரித்தெடுப்பவை இந்தச் சில்லறைகள்தான்.

தங்கம் தீர்ந்துபோவது இழுவைக்கு இன்னொரு பெரிய காரணம். சுரங்கத்தில் ஒரு கட்டத்துக்கு, அதாவது தரையின் ஒரு சதுரத்துக்கு, 800 தங்கம்தான் உண்டு; நீண்ட மிஷனில் சிறிது நேரத்துக்குப் பிறகு உங்கள் பக்கத்துச் சுரங்கங்கள் வற்றிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு படைவீரருக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். இதற்கு மூன்று மாற்றுகள் உள்ளன. முதலாவது ரெலிக் எனும் புனிதப் பொருள். 100 தங்கத்தில் மங்க் எனும் துறவி ஒருவரை உருவாக்கி, மேப்பில் கிடக்கும் ரெலிக் ஒன்றை எடுத்துவந்து மடத்தில் வைத்தால் நிமிடத்துக்கு 30 தங்கம் கிடைக்கும். சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு வில்லேஜர் கொண்டுவருவதைவிட இது சற்று அதிகம், உணவும் கேட்காது, ஒருபோதும் தீராது. நீளும் மிஷன் என்று தெரிந்தால் மங்குகளைத் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவேன், ஏனென்றால் ரெலிக் எடுப்பதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. இரண்டாவது வணிகம்: நட்பு நாடு ஒன்றின் சந்தை மேப்பில் இருந்தால் வண்டிகளை ஓட்டலாம், தொலைவு கூடக்கூட ஒவ்வொரு நடைக்கும் வருமானம் கூடும். மூன்றாவது சந்தையில் விற்பது. முதல் 100 மரத்துக்கு 70 தங்கம் கிடைக்கும்; விற்கவிற்க விலை இறங்கிக்கொண்டே போகும். ஆகவே இது அவசரத்துக்கு உதவுமே தவிர அன்றாடத்துக்கு ஆகாது.

ஆனால் இவற்றையெல்லாம்விட நல்ல மாற்று, தங்கத்தை அதிகம் கேட்காத படையை வைத்து ஆடுவது. ஈட்டிவீரருக்கு 35 உணவும் 25 மரமும் போதும். ஸ்கர்மிஷர் எனும் எறியீட்டி வீரருக்கு 25 உணவும் 35 மரமும் போதும். ‘குப்பை யூனிட்’ என்று ஆட்டக்காரர்கள் கேலியாக அழைக்கும் இவர்கள்தான் சலிப்பான மிஷனுக்கு மருந்து. இறந்தால் வருத்தம் இல்லை, உடனே அடுத்தவர் வந்துவிடுவார். வருத்தமில்லாத படை இருந்தால்தான் முன்கூட்டியே தாக்கும் துணிவும் வரும்.

சேர்த்து வைப்பது ஏன் தவறு என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதுகாப்பான வழி என்ற எண்ணம் பலரிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. மக்கள்தொகை 200 வரை போகலாம் என்றால் 200ஐத் தொட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று தோன்றும். ஆனால் உச்சவரம்பை எட்டிய அந்தக் கணம் முதல் உங்கள் பொருளாதாரம் வீணாகிறது: உணவும் மரமும் குவிந்துகொண்டே போகும், செலவழிக்க இடம் இருக்காது. எதிரியோ அந்த நேரத்தில் மதிலைப் பழுதுபார்த்துக்கொள்கிறான், இரண்டாவது கோட்டை கட்டுகிறான். அதாவது காத்திருப்பின் பலன் உங்களைவிட அவனுக்குத்தான் அதிகம் சேர்கிறது. இந்தப் பழக்கத்தை உடைப்பதற்கென்றே ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டில் ஒரு விதியை வைத்தார்கள். 2003இல் வந்த அதன் விரிவாக்கத்தில், படையின் அளவைக் குறிக்கும் உணவுக் கணக்கு 50ஐத் தாண்டினால் தங்க வருமானத்தில் 30 விழுக்காடு குறையும், 80ஐத் தாண்டினால் 60 விழுக்காடு குறையும். சும்மா நிற்கும் படைக்கு விளையாட்டே அபராதம் விதித்தது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ அப்படி அபராதம் விதிப்பதில்லை. உங்கள் மாலைப் பொழுதிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

சரி, எவ்வளவு படை போதும்? எதிரியின் ஒரு தளத்தை உடைக்க நான் கொண்டுபோகும் குழுவைச் சொல்கிறேன்: ட்ரெபுசே எனும் பெரிய கவண்பொறி 3, ஈட்டிவீரரின் மேம்பட்ட வடிவமான ஹால்பர்டியர் 15, ஸ்கர்மிஷர் 15, மங்க் 2, வில்லேஜர் 4. மொத்தம் 39 பேர். மேம்பாடுகளைத் தவிர்த்துக் கணக்கிட்டால் ட்ரெபுசேக்களுக்கு 600 தங்கம், மங்குகளுக்கு 200 தங்கம், ஆக 800. ஒரு சுரங்கக் கட்டத்தின் அளவு. மரம் 1,500, உணவு 900. வில்லேஜர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இவ்வளவுதான் செலவு, அதுவும் கடைசிக் காலகட்டமான இம்பீரியல் ஏஜுக்கு வந்த சில நிமிடங்களிலேயே கைக்கு வந்துவிடும் தொகை. இதற்காகவா ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம் என்று பிறகு தோன்றும்.

இந்தக் குழு ஏன் போதும் என்பதற்குக் காரணம் தூரம்தான். ட்ரெபுசேயின் வீச்சு 16 கட்டம். கோட்டையின் அடிப்படை வீச்சு 8. அம்பு மேம்பாடுகள் மூன்றையும் செய்திருந்தாலும் 11தான். ஆக, கோட்டையால் தொட முடியாத 5 கட்ட இடைவெளியில் நின்றுகொண்டு நீங்கள் அதை இடிக்கலாம். மடக்கி இழுத்துவந்த ட்ரெபுசேக்களைக் கோட்டைக்கு 14 அல்லது 15 கட்டம் தள்ளி நிறுத்தி விரியுங்கள். அவற்றுக்கு முன்னால் மூன்று கட்டம் தள்ளி ஹால்பர்டியர்களை ஒரே வரிசையாக, நின்ற இடத்தை விட்டு நகராத நிலையில் வையுங்கள். அவர்களைச் சுதந்திரமாக விட்டால் ஓடும் எதிரியைத் துரத்திக்கொண்டு கோட்டையின் அம்புக்குள் போய்விடுவார்கள். ஸ்கர்மிஷர்கள் ட்ரெபுசேக்களின் பக்கவாட்டில், மங்குகளும் வில்லேஜர்களும் பின்னால். முதல் கல் விழுந்ததும் கணினி எதிரி என்ன செய்வான் என்பதைக் கவனியுங்கள். கவண்பொறிகளை உடைப்பதற்காகத் தன் குதிரைவீரர்களை வெளியே அனுப்புவான். எல்லோரும் சேர்ந்து வருவதில்லை. ஐந்தாறு பேராக, எந்த லாயத்திலிருந்து யார் முதலில் கிளம்பினார்களோ அந்த வரிசையில் வருவார்கள். குதிரைக்கு எமன் ஹால்பர்டியர். பத்து வினாடிக்கு ஒரு கல் வீதம் கோட்டை கரைந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்திருக்க வேண்டிய படை வெளியே வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோயிருக்கும். கோட்டை சரிந்த பிறகு அந்த ஊரில் உங்களை எதிர்க்கப் பெரும்பாலும் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். முப்பது பேரைத் தடுப்பதற்காக நீங்கள் சேர்த்து வைத்த 120 பேருக்கு அங்கே வேலையே இருக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எதிரியிடம் ஓனேஜர் எனும் கல்லெறிபொறி இருந்தால், நெருக்கமாக நிற்கும் ஹால்பர்டியர்கள் ஒரே எறியில் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட எதிரியிடம் போகும்போது ஆறேழு லைட் கேவல்ரி எனும் இலகு குதிரைவீரர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைவீரருக்கு 80 உணவு மட்டும்தான், தங்கம் வேண்டாம். ஓனேஜர் தலைகாட்டியதும் அவர்கள் பாய்ந்து முடித்துவிடுவார்கள்.

நான்கு வில்லேஜர்கள் எதற்கு என்று கேட்பீர்கள். பெரிய மேப்பில் சலிப்புக்கு இன்னொரு பெயர் நடை. மூலையிலிருந்து மூலைக்கு 200 கட்டம் நடக்க வேண்டியிருந்தால், வினாடிக்கு ஒரு கட்டம் போகும் ஈட்டிவீரருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும், 0.8 கட்டம் மட்டுமே நகரும் ட்ரெபுசேக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு முறையும் பத்து பேர் இறந்து அடுத்த பத்து பேர் வீட்டிலிருந்து கிளம்பி வருவதென்றால் ஒரு தளத்தை உடைப்பதற்குள் அரைத் தூக்கம் போட்டுவிடலாம். ஆகவே குழுவோடு போகும் வில்லேஜர்கள் எதிரியின் வாசலுக்குச் சற்று வெளியே 175 மரத்தில் காலாட்படை உருவாகும் பாரக்ஸ் ஒன்றைக் கட்டட்டும். கல் இருந்தால் 650 கல்லில் ஒரு கோட்டையையே அங்கே கட்டிவிடலாம். அதன் பிறகு ட்ரெபுசேக்கள் அங்கேயே பிறக்கும். போதாததற்கு, சேதமடைந்த பொறிகளை இவர்களே பழுதும் பார்ப்பார்கள். முதல் எதிரியை முடித்ததும் அந்த இடம் உங்கள் முன்னணி முகாமாகிவிடும், இன்னும் வற்றிவிடாத புதிய சுரங்கங்களும் கூடவே கிடைக்கும்.

இன்னும் இம்பீரியல் ஏஜுக்கு வரவில்லை, அதற்கான 1,000 உணவும் 800 தங்கமும் சேரவில்லை என்றால் ட்ரெபுசேக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ராம் எனும் இடிப்பொறி 160 மரமும் 75 தங்கமும்தான். கோட்டையின் அம்புகள் அதை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. காலாட்படை வீரர்களை அதற்குள் ஏற்றிவிட்டால் அதன் வேகமும் கூடும், மதிலருகே இறக்கிவிட்டு வாள்வீரர்களிடமிருந்து அதைக் காக்கவும் ஆள் கிடைத்துவிடும்.

நான்கு எதிரிகளில் யாரை முதலில் எடுப்பது என்பதற்கு என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு: அதிக பலமுள்ளவனையோ அருகிலிருப்பவனையோ அல்ல, உங்களை அதிகம் தொந்தரவு செய்பவனை எடுங்கள். எவனுடைய தாக்குதலுக்காக நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மற்ற வேலையை விட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறீர்களோ, அவன்தான் உங்கள் கவனத்தைத் தின்கிறான். சலிப்பான மிஷனில் மரத்தையும் தங்கத்தையும்விட அரிய பொருள் கவனம். அவனை முடித்த பிறகு மற்ற மூவரும் பாதி பலமிழந்தவர்களாகத் தெரிவார்கள்; உண்மையில் அவர்கள் மாறியிருக்க மாட்டார்கள், உங்கள் கை விடுபட்டிருக்கும். மற்றவர்கள் வரும் பாதைகளில் குறுகலான இடம் பார்த்து ஒரு கல்மதிலும் அதன் பின்னால் ஒரு கோட்டையும் போட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். எச்சரிக்கை மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் திரையை அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை. இதைப் பழகிக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

இப்போது எல்லாவற்றிலும் கொடுமையான பகுதிக்கு வருகிறேன்: கடைசித் துடைத்தெடுப்பு. எதிரியின் ஊர் சாம்பலாகிவிட்டது, ஆனால் மிஷன் முடியவில்லை. எங்கோ ஒரு மூலையில் தப்பியோடிய வில்லேஜர் ஒருவர் மரங்களுக்குப் பின்னால் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், அல்லது யாருமறியாத விரிகுடாவில் ஒரு மீன்பிடிப் படகு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மிஷனில் முக்கால் மணி நேரம் குதிரைகளை அனுப்பித் தேடிவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது, என் முதல் மரவெட்டிகளின் முகாமுக்கு நேர் பின்னால் காட்டுக்குள் ஒளிந்திருந்த இரண்டு வீடுகளை. என் ஆட்கள் வெட்டி வெட்டிப் பாதை திறந்த பிறகுதான் அவை கண்ணில் பட்டன. இது இந்த விளையாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 1998இல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டில் டெரன் இனத்தவர் தங்கள் கட்டடங்களையே தரையிலிருந்து கிளப்பி மேப்பின் மூலைகளுக்குப் பறக்கவிட்டுவிடுவார்கள். வானத்தைத் தாக்கும் படை இல்லாமல் வந்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். 2000இல் வந்த ‘ரெட் அலர்ட் 2’ விளையாட்டிலோ, கட்டடங்கள் அனைத்தும் போனாலே தோல்வி என்று கொள்ளும் குறுகிய ஆட்டத்துக்கான தேர்வு ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வைத்தவர் யாரோ அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

உங்கள் விளையாட்டில் இதற்கு முறையான வழி கோட்டையில் கிடைக்கும் ஸ்பைஸ் (ஒற்றர்கள்) எனும் ஆராய்ச்சி. இம்பீரியல் ஏஜில், எதிரிகளிடம் மிஞ்சியிருக்கும் வில்லேஜர் ஒருவருக்கு 200 தங்கம் வீதம் கொடுத்தால் அவர்களுடைய யூனிட்களும் கட்டடங்களும் எங்கிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நான்கு எதிரிகளும் செழிப்பாக இருக்கும்போது இதன் விலை கட்டுப்படியாகாது. எல்லோரையும் அடித்து முடித்துவிட்டுக் கடைசி இரண்டு மூன்று பேரைத் தேடும்போதுதான் மலிவு. அதற்கென்று 1,000 தங்கத்தைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது என் வழக்கம். சில மிஷன்களில் இந்த ஆராய்ச்சியை முடக்கிவைத்திருக்கலாம். அப்போது ஸ்கவுட் குதிரைகளுக்கு உள்ள தானியங்கி உளவுப் பொத்தானை அழுத்தி, நான்கைந்து குதிரைகளை நான்கு பக்கமும் விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அதுவும் ஆகவில்லையென்றால் ஏமாற்றுக் குறியீடுகள் இருக்கின்றன. தனியாக ஆடும்போது உரையாடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் ‘மார்க்கோ’ என்று தட்டினால் மேப் முழுதும் திறக்கும், ‘போலோ’ என்று தட்டினால் அங்கே இப்போது நடப்பதை மறைக்கும் மூடுபனி விலகும். இதைச் சொல்வதால் சிலருக்கு என் மீது கோபம் வரலாம். போரை நீங்கள் நேர்மையாக வென்றுவிட்டீர்கள், மிச்சமிருப்பது கண்ணாமூச்சி. மேப்பின் நடுவில் எதிரியின் நான்கு கோட்டைகளும் நிற்கும்போது இதைத் தட்டுவது வேறு, காட்டுக்குள் ஒளிந்த இரண்டு வீட்டுக்காகத் தட்டுவது வேறு.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெஃபினிடிவ் எடிஷனில் வழக்கமான வேகம் 1.7, அதாவது விளையாட்டின் 25 வினாடி உங்கள் கடிகாரத்தில் 15 வினாடிக்கும் சற்றுக் குறைவு. அதை 2.0 வரை கூட்டலாம். படை கூடும்வரையும் நடந்துபோகும்வரையும் கூட்டி வைத்துக்கொண்டு, ட்ரெபுசேக்களை விரிக்கும் நேரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். முழு மிஷனையும் உச்ச வேகத்தில் ஆடினால் சலிப்பு போய்ப் பதற்றம் வரும், அதுவும் வேண்டாம்.

சேமிப்பது பற்றிய என் பழக்கம் பலருக்கு விசித்திரமாகப் படும். ஒரு எதிரியின் தளம் விழுந்த உடனே சேமித்துவிட்டு அன்றைய ஆட்டத்தை முடித்துவிடுவேன், இன்னும் அரை மணி நேரம் கையில் இருந்தாலும் சரி. நான்கு எதிரிகள் உள்ள மிஷன் நான்கு மாலைகளுக்கான நான்கு சிறு மிஷன்களாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் இருக்கும். நடு இரவில் பாதி முற்றுகையில் சேமித்துவிட்டுப் படுத்தால், மறுநாள் திறக்கும்போது எந்தப் படை எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதே நினைவிருக்காது. அதைக் கண்டுபிடிப்பதே ஒரு சலிப்பு. இப்படி விரும்பிய இடத்தில் சேமிக்கும் வசதி எல்லா விளையாட்டிலும் கிடைப்பதில்லை. 2019இல் முழுமையாக வெளிவந்த ‘தே ஆர் பில்லியன்ஸ்’ விளையாட்டில் வெளியேறும்போது மட்டுமே ஆட்டம் சேமிக்கப்படும். தோற்றால் பின்னால் போக வழியில்லை, அந்த மிஷனை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே ஒரே ஒரு தொற்றுற்ற ஆள் (ஜாம்பி) பின்பக்கமாக நுழைந்து ஒரு வீட்டைத் தொட்டுவிட்டால் போதும், சில நிமிடங்களில் ஊரே போய்விடும். அந்த விளையாட்டில் நான் எச்சரிக்கையாக இருப்பதற்கு நியாயம் உண்டு. நீங்கள் ஆடும் விளையாட்டில் சேமிப்பு உங்கள் கையில் இருக்கும்போது அதே எச்சரிக்கையோடு ஆடுவது தேவையற்றது. சேமியுங்கள், 39 பேரோடு போங்கள், தோற்றால் பத்து நிமிடம்தான் நட்டம். அந்தத் தோல்வியில் எதிரியிடம் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

கடின அளவைக் குறைக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். எதிரியின் தாக்குதலைத் தடுக்க முடியாமல் திணறுபவருக்கு அது பயன்படும். உங்களுக்கு அது தீர்வல்ல, ஏனென்றால் உங்களைப் பிடித்து வைத்திருப்பது எதிரியின் பலம் அல்ல. அளவைக் குறைத்து முதலிலிருந்து தொடங்கினால் அதே மேப்பில், அதே நடையை, அதே வயல்களை இன்னொரு முறை செய்வீர்கள்.

உங்கள் தற்போதைய சேமிப்பைத் திறந்ததும் முதலில் குறிக்கோள் சாளரத்தைத் திறந்து யாரை வீழ்த்தினால் போதும் என்பதைப் பாருங்கள். பிறகு கிடங்கைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் நிலையில் 1,500 மரமும் 900 உணவும் 800 தங்கமும் இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மக்கள்தொகை உச்சத்தில் இருந்து புதிதாக யாரையும் உருவாக்க முடியாவிட்டால், ஏற்கெனவே நிற்கும் படையில் 30 பேரை எடுத்துக்கொண்டு, பழைய மரவெட்டிகளில் நால்வரை அவர்களோடு சேர்த்து, மீதமுள்ளவர்களை வீட்டுக் காவலுக்கு விட்டுவிடுங்கள். அந்த முப்பது பேரும் இறந்துபோனாலும் நல்லதுதான், ட்ரெபுசேக்களுக்கு இடம் கிடைக்கும்.